கடைசிப் பந்தி

சாப்பாட்டைப் பற்றி எழுதுவது எழுத்தாளனுக்கு அழகல்ல என்று கருதுகிறவர்கள் நம்மிடையே உண்டு. காதலைப் பற்றி எழுதலாம். மரணத்தைப் பற்றி எழுதலாம். தேசத்தைப் பற்றியும் தெய்வத்தைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதலாம். இட்டிலியையும் சாம்பாரையும் பற்றி எழுதினால் மட்டும் இலக்கியத்தின் மானம் போய்விடுமாம்! எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு மனிதனின் குணத்தை அவன் ஏறிப் பேசும் மேடையைவிட அவன் உட்கார்ந்து உண்ணும் இலை தெளிவாகக் காட்டிவிடும். யாரோடு சேர்ந்து உண்கிறான்? யாரை நிற்க வைத்துவிட்டு உண்கிறான்? தான் கை கழுவிய பிறகு யார் உண்ணப் போகிறார் என்று நினைத்துப் பார்க்கிறானா? இந்த மூன்று கேள்விகளுக்குள் அறநூல்களில் பாதி அடங்கிவிடும்.

இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பார்க்க ஏற்ற இடம் ஒன்று சென்னையில் இருக்கிறது. அண்ணா நகரைச் சொல்கிறேன். 1968-ஆம் ஆண்டில் அங்கே உலக வர்த்தகப் பொருட்காட்சி நடந்தது. அதற்காக எழுந்த கோபுரம் இன்றும் பூங்காவின் நடுவே நிற்கிறது. அதற்கு முன்பு முல்லம், நடுவக்கரை என்று சிற்றூர்களாக இருந்த பகுதி அது. வீட்டு வசதி வாரியம் அளந்து பிரித்துக் கொடுத்த மனைகளில், ஓய்வுச் சம்பளத்தையும் சேமிப்பையும் போட்டுப் பலர் வீடு கட்டினார்கள். முன்னால் ஒரு வேப்பமரம், பின்னால் ஒரு கிணறு, மாடியில் துணி உலர்த்த ஒரு கொடி. அவ்வளவுதான் அந்த வீடுகள்.

இன்று மாலை வேளையில் இரண்டாவது அவென்யூவில் நடந்து பாருங்கள். அந்த வீடுகளில் பல உணவு விடுதிகளாகிவிட்டன. வரவேற்பறை இருந்த இடத்தில் நான்கு மேஜைகள். படுக்கையறை இருந்த இடத்தில் ஆறு மேஜைகள். வேப்பமரத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன விளக்குகள். செட்டிநாட்டுக் கோழியும் மதுரைக் கறிதோசையும் அரபு நாட்டு மந்தியும் கொரியா தேசத்து நூடுல்ஸும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிடங்களில் வேகின்றன. ஒரு கோப்பைக் காப்பிக்கு 200 ரூபாய்க்கு மேல் வாங்கும் கடைகளும் உண்டு. ஒரு விடுதி இருக்கும் இடத்தில் இன்னொன்று ஏன் வருகிறது என்று வியாபாரம் தெரியாதவர்கள் கேட்பார்கள். வருகிறவர் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது எங்கே சாப்பிடுவது என்று தீர்மானிப்பதில்லை; அந்தத் தெருவுக்குப் போவது என்றுதான் தீர்மானிக்கிறார். ஒரு வாசலில் கூட்டம் நின்றால் அடுத்த வாசலுக்கு நகர்கிறார். நகைக்கடைத் தெருவும் பாத்திரக்கடைத் தெருவும் உண்டான விதமும் இதுதான்.

ஞாயிற்றுக்கிழமை இரவில் பெயரைக் கொடுத்துவிட்டு நடைபாதையில் அரை மணி நேரம் காத்து நிற்கும் குடும்பங்களைப் பார்க்கிறேன். தாத்தா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். குழந்தை கண்ணாடிக்கு அப்பால் சாப்பிடுகிறவர்களை எண்ணிக்கொண்டிருக்கும்.

இந்தக் காட்சியைக் கண்டால் என் நண்பர் ஒருவருக்குக் கோபம் வரும். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். "விருந்து போய் விற்பனை வந்துவிட்டது, ஐயா! வீட்டிலே அடுப்பு அணைந்தால் பண்பாடு அணைந்தது என்று பொருள். வீட்டுக்கு வருபவருக்குச் சோறு போட்ட சமுதாயம், இப்போது சோற்றுக்காகத் தெருவில் வரிசையில் நிற்கிறது" என்பார்.

அவர் சொல்வதில் உள்ள வருத்தம் எனக்குப் புரிகிறது. வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். வடலூரில் 1867-இல் வள்ளலார் ஏற்றிவைத்த தருமசாலை அடுப்பு இன்றும் எரிகிறது. பசித்து வந்தவனிடம் அங்கே காசும் கேட்பதில்லை, குலமும் கேட்பதில்லை. ஆனால் எல்லா அடுப்பும் வடலூர் அடுப்பாக இருந்ததா? நம் வீட்டுத் திண்ணைகள் எல்லாரையும் உட்கார வைத்தனவா? விருந்து என்ற அழகான சொல்லுக்குப் பின்னால் ஒரு கேள்வி எப்போதும் ஒளிந்திருந்தது: 'நீ யார்?' எந்த ஊர், யார் மகன், என்ன குலம் என்பதெல்லாம் தெரிந்த பிறகுதான் இலை விழுந்தது. சிலருக்கு உள்ளே விழுந்தது, சிலருக்குத் திண்ணையில், சிலருக்குத் தெருவில், அதுவும் அவர்கள் நீட்டிய துணியில்.

ஓட்டல்கள் வந்த புதிதில் அவையும் இந்தக் கேள்வியைக் கைவிடவில்லை. ஒரு சாராருக்குத் தனி அறை, மற்றவர்களுக்கு வேறு அறை என்று வைத்து நடத்திய காலம் ஒன்று இருந்தது. தாழ்த்தப்பட்டவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு வாசல்படியே எல்லை. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம், உணவு விடுதிகளுக்குள் நுழைய எந்தக் குடிமகனுக்கும் சாதியைக் காட்டித் தடை கூடாது என்று 15-ஆம் பிரிவில் எழுதி வைத்தது. யோசித்துப் பாருங்கள்: ஒரு தேசத்தின் தலையாய சாசனம், பேச்சுரிமை, வழிபாட்டுரிமை ஆகியவற்றுக்கு அருகிலேயே, ஓட்டலுக்குள் போகும் உரிமையையும் எழுத வேண்டியிருந்தது! 1955-இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம் இன்னும் ஒரு படி உள்ளே போயிற்று. விடுதியில் உள்ள பாத்திரங்களைப் பயன்படுத்துவதைத் தடுப்பதும் குற்றம் என்றது. 1957-இல் திருவல்லிக்கேணியில் ஓர் ஓட்டலின் பெயர்ப்பலகையிலிருந்து 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியாரின் தொண்டர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்து சிறை சென்றார்கள். ஒரு பலகையில் இருந்த ஒரு சொல்லுக்காகவா என்று கேட்கலாம். அந்தச் சொல்லைத் தாண்டி உள்ளே போக வேண்டியவனுக்குத்தான் அதன் கனம் தெரியும்.

ஆகவே, விருந்து போய் விற்பனை வந்ததில் எல்லாமே நஷ்டம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கல்லாவில் விழும் காசுக்குக் குலம் கிடையாது. சில்லறையை நீட்டினால் இட்டிலி வரும் என்ற ஏற்பாட்டில் அன்பு இல்லாமல் இருக்கலாம்; ஆனால் அவமானமும் இல்லை. அன்போடு சேர்த்து அவமானத்தையும் உண்டு பழகியவர்களுக்கு அது பெரிய விடுதலை. அந்த விடுதலை எல்லாருக்கும் கிடைத்துவிட்டதா என்றால், அதுவும் இல்லை. 'நீ யார்?' என்ற கேள்வி போன இடத்தில் 'உன்னிடம் எவ்வளவு?' என்ற கேள்வி வந்து உட்கார்ந்துவிட்டது. 2013-இல் சென்னையில் அம்மா உணவகம் தொடங்கியபோது இட்டிலி ஒரு ரூபாய்க்கு விற்றது. ஒரே நகரத்தில் ஒரு ரூபாய் இட்டிலியும் 200 ரூபாய்க் காப்பியும் இருக்கின்றன என்றால், இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தைக் கால்நடையாகக் கடந்துவிட முடியாது.

ஆனால் இன்று நான் சொல்ல வந்தது அந்தத் தூரத்தைப் பற்றி அல்ல. அதைவிட அருகில் உள்ள ஒன்றைப் பற்றி. மேஜைக்கும் அடுக்களைக்கும் நடுவே உள்ள தூரத்தைப் பற்றி.

விருந்தினரை உண்பித்துவிட்டு மிஞ்சியதை உண்பவனை வள்ளுவர் உயர்த்திப் பேசுகிறார். கடைசியில் உண்பது அங்கே பெருமை. ஏனென்றால், அவன் வீட்டுக்கு உரியவன், முதலில் உண்ண முடிந்தவன், விரும்பிப் பின்தங்கினான். காலப்போக்கில் என்ன நடந்தது? பெருமையை ஆண் வைத்துக்கொண்டான். பின்தங்குவதைப் பெண்ணிடம் கொடுத்துவிட்டான். மாமனார் உண்ட பிறகு, கணவன் உண்ட பிறகு, பிள்ளைகள் உண்ட பிறகு, சில வீடுகளில் மாமியாரும் உண்ட பிறகு, குழம்புச் சட்டியில் ஒட்டியிருப்பதைப் பிசைந்து உண்கிற பெண்ணை எத்தனை தலைமுறையாகப் பார்த்திருக்கிறோம்! அவள் விரும்பிப் பின்தங்கவில்லை. அவளை யாரும் முதலில் உட்காரச் சொல்லவே இல்லை. அறம் என்று நாம் கொண்டாடிய ஒன்று, தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லாதவள் தலையில் விழுந்தபோது அடிமைத்தனமாகிவிட்டது. செய்கை ஒன்றுதான், பெயர் மாறிவிட்டது.

அண்ணா நகர் விடுதி ஒன்றில் ஒரு குடும்பத்தை ஒருநாள் கவனித்தேன். மகன், மருமகள், இரண்டு குழந்தைகள், எழுபது வயதுக்கு மேல் மதிக்கத்தக்க ஒரு பாட்டி. பரிமாறும் இளைஞன் ஒவ்வொருவரையும் கேட்டுவிட்டுப் பாட்டியிடம் வந்தான்.

"உங்களுக்கு என்ன வேணும் பாட்டி?"

அந்த அம்மாளுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. "எல்லாரும் சாப்பிடறதுல கொஞ்சம் குடு, போதும்" என்றார்.

மருமகள் விடவில்லை. "அத்தை, உங்களுக்கு என்ன பிடிக்கும்னு சொல்லுங்க. அவங்க தனியாக் கொண்டுவருவாங்க."

பாட்டி வெகுநேரம் யோசித்தார். பிறகு மெல்லிய குரலில், "பூரி சூடா கிடைக்குமா?" என்றார்.

பூரி வந்தது. உப்பிய நிலையில், ஆவி பறக்க வந்தது. அவர் விரலால் அதை மெதுவாகக் குத்தினார். புஸ்ஸென்று ஆவி வெளியேறியது. குழந்தைகளைப் போலச் சிரித்தார். எத்தனை ஆயிரம் பூரிகளை எண்ணெயில் போட்டு எடுத்திருப்பார் அந்த அம்மாள்! அத்தனையும் உப்பிய நிலையில் பிறர் தட்டுக்குப் போயிருக்கும். அவர் உட்காரும்போது சட்டுவத்தில் மிஞ்சிய இரண்டும் வதங்கித் தட்டையாகியிருக்கும். அன்றைக்கு அந்த உப்பிய பூரியை விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது என்பதற்காக அதன் பெருமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். வெளியே சாப்பிடும் பழக்கத்தைப் பண்பாட்டின் வீழ்ச்சி என்று சொல்லும் என் நண்பரும், இன்னும் பல பெரியவர்களும், அநேகமாக ஆண்கள் என்பதைக் கவனித்திருக்கிறேன். வீட்டுச் சாப்பாட்டின் சிறப்பைப் பற்றி அதைச் சமைக்காதவர்கள் பேசுவது மிகவும் சுலபம்.

இத்தோடு நிறுத்திவிட்டால் இது ஒரு சந்தோஷமான கட்டுரையாக முடிந்துவிடும். முடியவில்லை. ஏனென்றால், பாட்டி எழுந்து வந்த அந்தக் கடைசி இடம் காலியாக இல்லை. அதில் இன்னொருவர் போய் உட்கார்ந்திருக்கிறார்.

அந்த இளைஞன் அஸ்ஸாமிலிருந்து வந்தவன். கூட்டம் குறைந்த ஒரு மத்தியான வேளையில் அவனோடு பேசிக்கொண்டிருந்தேன். சென்னை விடுதிகளில் இன்று பரிமாறுகிறவர்களில் பலர் அஸ்ஸாம், மணிப்பூர், ஒடிசா, நேபாளம் என்று தொலைதூரத்திலிருந்து வந்தவர்கள். தமிழை அவர்கள் புத்தகத்தில் படிக்கவில்லை. 'தண்ணி', 'சட்னி', 'பில்லு' என்ற சொற்களில் தொடங்கிப் பாட்டியிடம் விசாரிக்கிற அளவுக்கு வந்திருக்கிறார்கள்.

"நீ சாப்பிட்டியா தம்பி?" என்று கேட்டேன்.

"நாலு மணி ஆகும் சார். கஸ்டமர் எல்லாம் போகணும்."

"ராத்திரி?"

"பதினொன்றரை, பன்னிரண்டு. உட்கார்ந்தா தூக்கம் வருது சார். நின்னுக்கிட்டே சாப்பிட்டுடுவேன்."

குறையாகச் சொல்லவில்லை அவன். மழை பெய்தது என்று சொல்வதுபோலச் சொன்னான். பசியோடு இருக்கிற ஒருவன் பகல் முழுவதும் பிறருக்குச் சோறு சுமப்பது என்பது எவ்வளவு விசித்திரமான வேலை என்று அப்போது எண்ணிப் பார்த்தேன். தச்சன் நாற்காலி செய்கிறபோது நாற்காலிக்காக ஏங்குவதில்லை. இவனுடைய தொழிலில் மட்டும், கையில் இருப்பதே வயிற்றில் இல்லாதது.

வெளியே வந்தால் இன்னொரு கூட்டம். மோட்டார் சைக்கிளில் முதுகுப் பெட்டியோடு, பார்சல் வாங்குவதற்காகக் கைபேசியைப் பார்த்தபடி நிற்கும் இளைஞர்கள். இவர்கள் விடுதியின் ஆட்களும் அல்லர், வாடிக்கைக்காரர்களும் அல்லர். உள்ளே நாற்காலி காலியாக இருந்தாலும் அது அவர்களுக்கு அல்ல.

"அதற்குத்தான் பணம் கொடுக்கிறோமே!" என்று ஒரு பதில் உண்டு. வலுவான பதில். உண்டதற்கு விலை, அதன்மேல் ஐந்து சதவீதம் வரி, கணக்கு முடிந்தது. முடிந்ததா? பில்லில் 'சர்வீஸ் சார்ஜ்' என்று ஒரு வரியைச் சேர்க்கும் பழக்கம் சில விடுதிகளில் வந்து, அது ஒரு வழக்காகவே ஆகிவிட்டது. தானாகவே அதைச் சேர்க்கக் கூடாது என்று 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விதி செய்தது. ஓட்டல்காரர்கள் எதிர்த்தார்கள். 2025 மார்ச்சில் டில்லி உயர் நீதிமன்றம் அந்த விதி செல்லும் என்று சொல்லிவிட்டது. தீர்ப்பு நியாயமானது என்றே நான் கருதுகிறேன். கட்டாயப்படுத்தி வாங்குவது நன்றியாகாது. ஆனால் நம் பக்கம் தீர்ப்பு வந்ததில் நம் மனம் சற்று அதிகமாகவே மகிழ்ந்துவிட்டதோ என்று ஒரு சந்தேகம். பில்லிலிருந்து அந்த வரியை அடித்துவிட்டால், அந்த வரி யாரைப் பற்றியதோ அவனையும் சேர்த்து அடித்துவிட்டோம் என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள்.

தட்டில் வைக்கும் டிப்ஸ் போதாதா? போதாது என்று சொல்வேன். கொடுப்பதைத் தடுக்கவில்லை, தாராளமாகக் கொடுங்கள். ஆனால் ஒருவனுடைய ஜீவனம் நம் மனநிலையைப் பொறுத்திருப்பது அவனுக்கும் நல்லதல்ல, நமக்கும் நல்லதல்ல. நமக்குத் தலைவலி என்றால் அவனுக்குப் பத்து ரூபாய். நம் மகளுக்குப் பரீட்சையில் நல்ல மதிப்பெண் என்றால் அவனுக்கு நூறு ரூபாய். இது தர்மத்தைப்போலத் தோன்றும், உண்மையில் சூதாட்டம். கூலி என்பது முதலாளி தர வேண்டிய கடன். அதை வாடிக்கைக்காரனின் கருணையாக மாற்றிவிட்டால், கடன் பட்டவர் தப்பித்துக்கொள்கிறார்.

பிறகு நாம்தான் என்ன செய்ய வேண்டும்? "ஓட்டலுக்கே போகாமல் இருந்துவிட்டால் இந்தப் பாவம் எதுவும் நம்மைச் சேராது அல்லவா?" என்று நண்பர் மடக்கினார். சேராமல் இருக்கலாம். ஆனால் நாம் போகாவிட்டால் அந்த அஸ்ஸாம் இளைஞனுக்கு வேலை போகும். பாட்டி மறுபடியும் அடுப்படிக்குப் போவார். நம் கைகளை மட்டும் சுத்தமாக வைத்துக்கொள்வதற்காக இரண்டு பேரைப் பட்டினி போடுகிற ஒழுக்கம் எனக்கு வேண்டாம்.

பெரிய மனம் வேண்டும், கருணை வேண்டும் என்றெல்லாம் நான் உபதேசம் செய்யப் போவதில்லை. சில நேரங்களில் ஒரு நாற்காலி போதும். கடைகளில் நாள் முழுவதும் நிற்கிற ஊழியர்கள் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு ஒரு சட்டத் திருத்தம் செய்தது. கேரளம் அதற்கு முன்பே, 2018-இல் செய்திருந்தது. 2025-இல் சென்னை மாநகராட்சி, பார்சல் சுமக்கிற இளைஞர்களுக்காகக் குளிர்சாதன வசதியோடு ஓய்வறைகளைத் திறந்தது. அவற்றுள் ஒன்று இதே அண்ணா நகரில். உட்கார இருக்கை, கழிவறை, கைபேசிக்கு மின்சாரம் ஏற்ற வசதி. இவற்றில் தத்துவம் எதுவும் இல்லை. 'அவன் எங்கே உட்காருவான்?' என்று யாரோ ஒருவர் ஒரு கூட்டத்தில் கேட்டிருக்கிறார், அவ்வளவுதான். அந்தக் கேள்வியைக் கேட்க ஒருவர் இருந்தால் சட்டமும் வரும், அறையும் வரும்.

நாமும் அதைக் கேட்கலாம். விடுதி மூடுகிற நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்னால் நுழைந்து ஆறு வகைப் பலகாரத்துக்குச் சொல்லும்போது, பன்னிரண்டு மணிச் சோறு ஒரு மணிச் சோறாகிறது என்பதை நினைக்கலாம். விரலைச் சொடுக்கிக் கூப்பிடாமல் இருக்கலாம். கல்லாவில் இருப்பவரிடம், "உங்கள் ஆட்கள் எப்போது சாப்பிடுகிறார்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்கலாம். வாடிக்கைக்காரர்கள் பத்துப் பேர் அடிக்கடி கேட்கிற கேள்வியை எந்த முதலாளியும் அலட்சியம் செய்வதில்லை. சட்னி புளித்தது என்று பத்துப் பேர் சொன்னால் சட்னி மாறுகிறதல்லவா?

விடுதியோடு இந்த விஷயம் நின்றுவிடுவதும் இல்லை. ஓட்டல் தம்ளரைப் பற்றிச் சட்டம் பேசுகிறது. வீட்டுத் தம்ளரைப் பற்றி எந்தச் சட்டமும் பேச முடியாது. அடுக்குமாடி வீடுகளில் வேலைக்கு வருகிற அம்மாளுக்கென்று ஜன்னல் ஓரத்தில் தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கும் தம்ளர் எதற்காக? ஓட்டல் பலகையிலிருந்து இறங்கிய சொல், எழுத்து இல்லாமல் அந்த ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறதோ? பதிலை வாசகர்களிடமே விட்டுவிடுகிறேன்.

கடைசி இடம் என்று ஒன்று இருக்கத்தான் செய்யும். எல்லாரும் ஒரே நேரத்தில் உண்ண முடியாது. யாராவது ஒருவர் பரிமாறியாக வேண்டும். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் அனுபவம் முதிர்ந்த பெரியவர்கள் முதல் பந்தியில் உட்கார்ந்து, சாப்பாடு பிரமாதம் என்று பாராட்டிவிட்டுப் போய்விட மாட்டார்கள். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சமையல்காரர்களும் இலை எடுக்கிறவர்களும் வாத்தியக்காரர்களும் உட்காருகிற கடைசிப் பந்தி வரை காத்திருந்து, அங்கே பாயசம் வந்ததா, சோறு சூடாக இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார்கள். அதைப் பார்த்த பிறகுதான் அந்தக் கல்யாணம் நல்ல கல்யாணமா இல்லையா என்று வாயைத் திறப்பார்கள்.